வாசலில் கோலம் இல்லை, ஸ்டேட்டஸில் ஊட்டி: இருப்பிடத்தைப் பகிர்ந்தால் வீடு திருட்டுப் போகுமா?

2025 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் அமெரிக்காவில் ஒரு வரைபட வசதியைத் தொடங்கியது. செயலியைக் கடைசியாக எங்கிருந்து திறந்தோம் என்பதை, நாம் அனுமதித்த நண்பர்களுக்கு வரைபடத்தில் காட்டும் வசதி அது. பயனர் தாமே இயக்கினால்தான் வேலை செய்யும் என்று நிறுவனம் விளக்கிக்கொண்டிருந்தபோதே, உடனே அணைத்துவிடுங்கள் என்ற எச்சரிக்கைகள் கைமாறிக் கைமாறிப் பரவிவிட்டன. குழப்பத்துக்குக் காரணமும் இருந்தது. இடப்பெயரோடு போட்ட பதிவுகளும் அதே வரைபடத்தில் வந்து நின்றதால், தங்கள் இருப்பிடமே கசிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள்.

இப்படி ஒரு வசதி வரும்போதெல்லாம் கூடவே ஒரு பயமும் வரும்: ஊருக்குப் போன படத்தைப் போட்டால், அதைப் பார்த்துத் திருடன் வீட்டுக்கு வந்துவிடுவான். பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் இந்தக் கூற்றில் உண்மை எவ்வளவு? கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் இணையத்தில் உட்கார்ந்து நம்மைத் தேடிப் பிடிப்பார் என்பது அரிதான கதை. நம் வீட்டை ஏற்கெனவே அறிந்த ஒருவருக்கு, நாம் எப்போது இல்லை என்ற ஒற்றைத் தகவலைத் தட்டில் வைத்து நீட்டுவதுதான் நடக்கக்கூடிய கதை.

முதலில் சொற்கள்

செய்தித்தாள்களில் எல்லாமே "கொள்ளை" என்று வந்துவிடுகிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டில் நடக்கும் திருட்டுக்கு 305, பூட்டை உடைத்தோ சுவரேறியோ வீடு புகுவதற்கு 330, 331. ஆளை மிரட்டியோ தாக்கியோ பறித்தால்தான் அது கொள்ளை (309). ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை (310). இந்த வேறுபாடு நம் கேள்விக்கு முக்கியம். வீடு புகுந்து திருடுகிறவனுக்கு ஆள் இல்லாத வீடு வேண்டும். கொள்ளையடிக்கிறவனுக்கு ஆள் இருக்கும் இடம் வேண்டும். "நான் இங்கே இருக்கிறேன்" என்ற ஒரே பதிவு, இருவருக்கும் நேரெதிரான செய்தியைச் சொல்கிறது.

"இருப்பிடத்தைப் பகிர்வது" என்பதற்குள்ளும் நான்கு வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன:

1. இடப்பெயரோடு பதிவு போடுவது. "கொடைக்கானலில் குடும்பத்தோடு" என்பது போல.
2. நேரலை இருப்பிடம். வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவு வைத்து அனுப்புவது இந்த வகை.
3. படத்துக்குள் மறைந்திருக்கும் ஆயங்கள். கேமரா தானாக எழுதிவைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை.
4. பழக்கத்தின் தடம். தினமும் காலை ஓடுகிற பாதையைப் பதிவு செய்யும் உடற்பயிற்சிச் செயலி போன்றவை.

பயம் முழுக்க முதல் வகையைச் சுற்றியே இருக்கிறது. வீட்டைக் காட்டிக்கொடுப்பதில் மூன்றாவதும் நான்காவதும் அதைவிடக் கூர்மையானவை.

ஆள் இல்லாத வீடு ஏன் இத்தனை முக்கியம்

1979இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ஓர் எளிய விளக்கத்தை முன்வைத்தார்கள். திருடும் எண்ணம் உள்ளவன், எடுத்துப்போகத் தக்க பொருள், தடுக்க ஆள் இல்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்தால் குற்றம் நடக்கும் என்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வருமானம் உயர்ந்தபோதும் வீட்டுத் திருட்டு ஏன் ஏறியது என்பதற்கு அவர்கள் காட்டிய காரணங்கள் இரண்டு. பெண்களும் வேலைக்குப் போனதால் பகலில் வீடுகள் காலியாக இருந்தன. பொருட்களும் இலேசாகிவிட்டன. ஒரு பெரிய கடையின் விற்பனைப் பட்டியலில் மிக இலேசான தொலைக்காட்சிப் பெட்டி 1960இல் 38 பவுண்டு எடை. 1970இல் 15 பவுண்டு. பதினேழு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் ஏழு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா. (நம் ஊர்த் திருடனுக்கு இந்தச் சிக்கலே இருந்ததில்லை. பத்துச் சவரன் என்பது எண்பது கிராம். சட்டைப் பையில் போய்விடும்.)

ஆள் இருப்பதன் வலிமையைக் கண்ணெதிரே காட்டியது 2020 ஊரடங்கு. 23 நாடுகளில் 27 நகரங்களின் தரவை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், வீட்டுக்குள் இருக்கச் சொன்ன காலத்தில் வீடு, கட்டடம் புகுந்து திருடும் குற்றம் சராசரியாக 28 சதவீதம் குறைந்திருந்தது. பூட்டு மாறவில்லை, போலீஸ் பெருகவில்லை. ஜனங்கள் வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, "வீட்டில் ஆள் இல்லை" என்ற தகவலுக்குத் திருடனிடம் மதிப்பு உண்டு. இதை மறுப்பதற்கில்லை. அடுத்த கேள்வி, அந்தத் தகவலை அவன் எங்கிருந்து பெறுகிறான் என்பது.

2010: பயம் பிறந்த ஆண்டு

2009இல் ஃபோர்ஸ்கொயர் என்ற செயலி வந்தது. போகிற இடத்திலெல்லாம் "வந்துவிட்டேன்" என்று பதிவு செய்தால் புள்ளிகள் கிடைக்கும். ஒரே கடைக்கு அடிக்கடி போனால் அந்தக் கடையின் "மேயர்" ஆகலாம். பலர் அதை ட்விட்டரிலும் இணைத்துவிட்டதால் பதிவுகள் எல்லோர் கண்ணுக்கும் பட்டன. 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் அந்தப் பதிவுகளைத் திரட்டி, காலி வீடுகளின் பட்டியல் போல ஓடவிடும் ஒரு தளத்தைத் தொடங்கினார்கள். தளத்தின் பெயரே "தயவுசெய்து என்னைக் கொள்ளையடியுங்கள்" என்று பொருள்படும். நோக்கம் எச்சரிப்பது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஊருக்குச் சொன்னால், எங்கே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் வாதம்.

கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் அது காட்டியது ஒரு சாத்தியத்தை மட்டுமே. அந்தத் தளத்தைப் பார்த்து எந்த வீடு திருட்டுப்போனது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் காப்பிக் கடையில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட திருடனுக்கு அவர் வீடு எந்தத் தெருவில் என்று தெரிய வேண்டும், அந்தத் தெரு பக்கத்தில் இருக்க வேண்டும், வீட்டில் வேறு யாரும் இருக்கக் கூடாது, எடுத்துவரத் தக்கதாக ஏதாவது இருக்க வேண்டும். குடித்து முடித்து எப்போது திரும்புவார் என்பதும் தெரியாது.

அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நியூ ஆல்பனி என்ற ஊரில் நடந்த ஒரு திருட்டு உலகம் முழுக்கச் செய்தியானது. ஒரு பெண்ணும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டவரும் இசைக் கச்சேரிக்குப் போவதாக பேஸ்புக்கில் எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். கிளம்பி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பேர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். வீட்டில் கேமரா இருந்தது. அந்தப் பெண் படங்களை அதே பேஸ்புக்கில் போட்டபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. படத்தில் இருந்த ஒருவர் அவரது பேஸ்புக் நண்பர் பட்டியலில் இருந்தவர்; பல ஆண்டுகளுக்கு முன்பு எதிர்வீட்டில் வளர்ந்தவர்; சில மாதங்களுக்கு முன்புதான் நட்பு அழைப்பு அனுப்பியிருந்தவர்.

இந்தச் செய்தி பெரும்பாலும் "பேஸ்புக்கில் எழுதினார், வீடு போனது" என்றே சொல்லப்பட்டது. சற்று நிதானமாகப் பாருங்கள். முகவரி அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. பழகியவர், பழைய அக்கம்பக்கத்து ஆள். வீட்டைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும் வேறு வழியில் அறிந்தவருக்கு, மீதமிருந்த ஒரே ஒரு துண்டை பேஸ்புக் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரில் ஒரு திருட்டுக் கும்பல் பிடிபட்டபோதும் பேஸ்புக்கைப் பார்த்துத்தான் வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று போலீஸ் சொன்னது. அப்போதுதான் வந்திருந்த இருப்பிட வசதிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பேஸ்புக் மறுத்தது. அங்கேயும் நண்பர் பட்டியலில் இருந்த ஒருவரைப் பற்றிய பேச்சு பின்னர் வந்தது.

திருடர்களைக் கேட்டால்

குற்றவியலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: திருடர்களையே கேட்பது. 1990 வாக்கில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் என்ற இருவர், சிறையில் இல்லாமல் வெளியே "தொழில்" செய்துகொண்டிருந்த 105 திருடர்களைச் சந்தித்துப் பேசினார்கள். பலர் மனத்தில் முன்பே ஒரு வீட்டைக் குறித்துவைத்திருந்தார்கள். அந்த வீடு தெரிந்தவருடையதாக இருக்கும். அல்லது அங்கே வேலை செய்தவர் துப்பு கொடுத்திருப்பார். அல்லது போகும்போதும் வரும்போதும் கவனித்துவைத்த வீடு.

அடுத்தது வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஷார்லட் வளாகத்தைச் சேர்ந்த ஜோசஃப் குன்ஸ் குழுவினர் மூன்று மாநிலச் சிறைகளில் 422 பேரிடம் நடத்திய ஆய்வு. முன்கூட்டியே திட்டமிடுவோம் என்றவர்கள் 12 சதவீதம்தான். நினைத்த மாத்திரத்தில் நுழைந்துவிடுவோம் என்றவர்கள் 41 சதவீதம். இலக்கை முடிவு செய்யுமுன் அலாரம் இருக்கிறதா என்று பார்ப்போம் என்றவர்கள் 80 சதவீதத்துக்கு மேல்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். நினைத்த மாத்திரத்தில் நுழைகிறவனுக்கு இணையம் தேவைப்படாது. தெருவில் நடக்கிறான், கார் இல்லை, விளக்கு இல்லை, மணியை அடித்தால் பதில் இல்லை. திட்டமிடுகிறவனுக்குத் தகவல் வேண்டும், ஆனால் அது தெரிந்தவர் வழியாகவே பெரும்பாலும் வருகிறது. எங்கோ இருக்கும் அந்நியன் நம் பதிவைத் தோண்டியெடுத்து வருவதற்கு இந்த இரண்டிலும் இடம் குறைவு. இன்னொன்று: பொதுவாகத் திருடர்கள் தூரம் போவதில்லை, தாங்கள் வசிக்கும் பகுதியைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள்தான் பெரும்பாலும் கைவைக்கிறார்கள் என்பது குற்றவியலில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு.

அப்படியானால் "78 சதவீதத் திருடர்கள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துகிறார்கள்" என்று அடிக்கடி வரும் எண்? அதன் ஊற்று 2011இல் பிரிட்டனில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பு. கேட்கப்பட்டவர்கள் 50 முன்னாள் திருடர்கள். கேட்டது வீட்டு அலாரம் விற்கும் ஒரு நிறுவனம். அந்த 78 சதவீதத்தினர் சொன்னது, இன்றைய திருடர்கள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று தாங்கள் நம்புவதாக. தாங்கள் பயன்படுத்தியதாக அல்ல. தொழிலை விட்ட ஐம்பது பேரின் ஊகம், பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டதும் புள்ளிவிவரமாகிவிட்டது. நகைக்கடைக்காரரிடம் தங்கம் வாங்கலாமா என்று கேட்டால் என்ன பதில் வருமோ, அதுதான் இங்கேயும் வந்தது.

எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை

அமெரிக்காவில் 2009இல் பதிவான வீடு, கட்டடம் புகுந்த திருட்டுகள் ஏறத்தாழ 22 லட்சம். 2019இல் 11 லட்சம். ஃபோர்ஸ்கொயர் பிறந்ததிலிருந்து உள்ளங்கையில் போன் இல்லாத ஆளே இல்லை என்ற நிலை வரையிலான பத்தாண்டில் குற்றம் பாதியாகிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுத் திருட்டு 1990களின் நடுவில் இருந்த உச்சத்திலிருந்து முக்கால் பங்குக்கு மேல் விழுந்திருக்கிறது.

இதை வைத்து "பார்த்தீர்களா, பகிர்வதால் ஆபத்தே இல்லை" என்று முடிவுகட்டுவதும் அவசரம். குற்றம் குறைய வேறு காரணங்கள் இருந்தன. நெதர்லாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் எளிதில் பெயர்க்க முடியாத கதவும் சன்னலும் கட்டாயம் என்று விதி வந்தது; அந்த வீடுகளில் ஆண்டுத் திருட்டு விகிதம் 1.1 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியதை ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். தொலைக்காட்சிப் பெட்டியின் மறுவிற்பனை மதிப்பும் விழுந்துவிட்டது. இவற்றின் இறக்கத்துக்கு அடியில் பகிர்வதன் சிறிய ஏற்றம் ஒன்று ஒளிந்திருந்தால், மொத்த எண்ணில் அது தெரியாது.

நேரடியாக அளப்பதும் கடினம். 2019இல் அமெரிக்க போலீஸ் துப்புத் துலக்கிய வீட்டுத் திருட்டுகள் 14 சதவீதம் மட்டுமே. மீதி 86இல் வீட்டை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்று கேட்க ஆளே கிடைக்கவில்லை. பிடிபட்டவர்களும் எல்லாத் திருடர்களையும் போன்றவர்கள் என்று சொல்ல முடியாது. தன் முகத்தையே பேஸ்புக் நண்பர் பட்டியலில் வைத்துக்கொண்டு திருடப்போகிறவன் எளிதில் பிடிபடுவான். அதனாலேயே "பேஸ்புக் திருட்டு" செய்திகளில் சற்று அதிகமாகத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விஷயம். பிரிட்டனின் மெர்சிசைடு பகுதித் தரவை ஆராய்ந்தவர்கள், ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்த ஒன்றிரண்டு மாதங்களுக்குச் சுற்றி 300, 400 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கும் ஆபத்து கூடுவதைக் கண்டார்கள். ஆபத்தின் அளவை உண்மையிலேயே மாற்றும் சங்கதி இது. பக்கத்துத் தெருவில் பூட்டு உடைந்த மாதத்தில் நாம் போட்ட படத்தை நீக்கலாமா என்று யோசிப்பதைவிடத் தாழ்ப்பாளைப் பார்ப்பது பயன் தரும்.

படத்துக்குள் இருக்கும் எண்

இனி மூன்றாவது, நான்காவது வகை.

போன் கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் அது எடுக்கப்பட்ட இடத்தின் ஆயங்கள் எழுதப்படும். 13.0827, 80.2707 என்பது சென்னை நகருக்குப் பொதுவாகத் தரப்படும் எண். இதில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் கிட்டத்தட்ட 1.1 கிலோமீட்டர் துல்லியம்: ஒரு பேட்டை. மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர்: ஒரு தெரு. நான்கு என்றால் 11 மீட்டர்: ஒரு வீடு. ஐந்து என்றால் ஏறத்தாழ 1 மீட்டர்: வாசலா, கொல்லையா என்று சொல்லிவிடலாம். போன்கள் ஐந்துக்கும் மேற்பட்ட இலக்கங்களை எழுதுகின்றன.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பெரிய தளங்கள் படத்தை வெளியிடும்போது இந்த எண்களை மற்றவர் பார்க்கும் பிரதியிலிருந்து நீக்கிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் போய்விடும். ஆனால் அதே படத்தை "ஆவணம்" என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், எண்களும் கூடவே போகும். மின்னஞ்சல் இணைப்பிலும் அப்படித்தான். 2012 டிசம்பரில், போலீஸ் விசாரிக்கத் தேடிக்கொண்டிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருக்கிறார் என்பது வெளியே தெரிந்தது இந்த வழியில்தான். அவரைச் சந்தித்த பத்திரிகை வெளியிட்ட படத்தில் ஆயங்கள் நீக்கப்படாமல் இருந்தன.

ஆகவே ஊட்டியில் எடுத்த படத்தைவிடக் கவனிக்க வேண்டியது, வீட்டில் எடுத்து, பழைய பீரோவையோ பைக்கையோ விற்க முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் படம். பொருளின் மதிப்பும் இருக்கும் இடமும் ஒரே கோப்பில் போகின்றன. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஜெரால்ட் ஃபிரைட்லாண்ட், ராபின் சோமர் என்ற ஆய்வாளர்கள் 2010இல் இதைச் செய்தே காட்டினார்கள். விளம்பரப் படங்களிலிருந்து வீட்டு முகவரியை எடுப்பதும், வீட்டருகே காணொளி பதிவிட்டவர்களில் இப்போது வெகுதூரம் போயிருப்பவர்கள் யார் என்று ஒரு சிறு நிரலை எழுதித் தேடுவதும் சுலபம் என்பது அவர்களின் முடிவு. பெரிய தளங்கள் பலவும் இந்த எண்களை நீக்கிவிடுவதால், அந்தக் கதவு இன்று பாதி மூடியிருக்கிறது.

ஓட்டப் பயிற்சிச் செயலிகளின் கதை வேறு. ஸ்ட்ராவா என்ற செயலியில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வரும் பாதையை மறைத்துவிடலாம். மறைத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது, ஒவ்வொரு நாளின் பாதையும் அந்த வட்டத்தின் விளிம்பில் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடிகிறது. திங்கள் கிழக்கே, புதன் வடக்கே, சனி மேற்கே என்று மூன்று முனைகள் கிடைத்தால் போதும். மூன்று புள்ளிகள் வழியே ஒரே வட்டம்தான் வரைய முடியும், முன்பெல்லாம் அதன் மையத்திலேயே வீடு இருந்தது. பள்ளிக்கூட வடிவியல்தான். 2018இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பொதுப் பதிவுகளை வைத்து, மறைக்கப்பட்ட இடங்களில் 95 சதவீதம் வரை கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர், அதன் பெயரையும் பதிவில் எழுதி, தினமும் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்பதையும் காட்டிக்கொண்டிருந்தால், ஒரு முறை போட்ட விடுமுறைப் படத்தைவிட அது கனமான தகவல்.

பிரபலங்கள் விதிவிலக்கு

அந்நியர்கள் இணையத்தைப் பார்த்துத் திட்டம் போடுவது உண்மையாகவே நடக்கும் ஓர் இடம் உண்டு. இலக்கின் மதிப்பு மிகப் பெரிதாக இருக்கும்போது தூரம், உழைப்பு எல்லாம் ஈடாகிவிடும். 2008, 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் இளைஞர் கூட்டம் பிரபலங்களின் வீடுகளில் புகுந்தது. யார் ஊரில் இல்லை என்பதை வம்புச் செய்தித் தளங்களில் படித்தார்கள், வீட்டை இணைய வரைபடத்தில் பார்த்தார்கள். பாரிஸ் ஹில்டன் வீட்டில் சாவி மிதியடிக்கு அடியில் இருந்தது. இணையத்தின் பங்கு அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

2024 அக்டோபரில் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் பேட்ரிக் மஹோம்ஸ், டிராவிஸ் கெல்சி வீடுகளில் திருட்டு நடந்தது. டிசம்பரில் ஜோ பரோ வீட்டில். தென் அமெரிக்கத் திருட்டுக் கும்பல்கள் பொதுவெளித் தகவலையும் சமூக ஊடகத்தையும் பயன்படுத்தி வீரர்களைக் குறிவைப்பதாக எஃப்பிஐ விளையாட்டு அமைப்புகளை எச்சரித்தது. ஆனால் பரோ அன்றிரவு டல்லாஸ் அருகே விளையாடிக்கொண்டிருந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போனை அணைத்து வைத்திருந்தாலும் இந்தத் தகவல் மறைந்திருக்காது.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியனிடம் 2016 அக்டோபரில் பாரிஸில் நடந்த நகைக் கொள்ளையும் இந்த விவாதத்தில் அடிக்கடி இழுக்கப்படுகிறது. நகையும் பயணத் திட்டமும் இணையத்திலேயே இருந்தன என்று பிடிபட்ட கும்பல் தலைவன் போலீஸிடம் சொன்னது உண்மை. 2025 மே மாதம் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பும் வந்தது. ஆனால் அவர் அறையில் இருந்தபோதே கட்டிப்போட்டு நடந்த கொள்ளை அது. பூட்டிய வீட்டுக்கு அதை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

நம் தெருவில்

நம் ஊரில் பூட்டிய வீடு தன்னைத் தானே அறிவித்துவிடும். ஆறு மணிக்குத் தெருவில் எல்லா வாசலிலும் தண்ணீர் தெளித்துக் கோலம் விழுந்திருக்க, ஒரு வாசல் மட்டும் காய்ந்து கிடக்கும். கதவிடுக்கில் செருகிய நாளிதழ் இரண்டாம் நாள் இரண்டாகும். வெளிக்கதவில் தொங்கும் பெரிய பூட்டு, உள்ளே ஆள் இல்லை என்பதற்குச் சான்றிதழ். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே மண்டபத்தின் பெயர், நாள், நேரம், குடும்பத்தார் படம் எல்லாம் தெருமுனைப் பதாகையில் ஏறிவிடும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் வீட்டு முகவரி, அடக்கம் புறப்படும் நேரம் உட்பட இருக்கும். நேரலை இருப்பிடம் என்ற பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே நாம் இவற்றைப் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம்.

போன் இதில் புதிதாகச் சேர்த்தது என்ன? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்பை மாற்றாத வரை, உங்கள் எண்ணை அவரும் அவர் எண்ணை நீங்களும் சேமித்திருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். தொடர்புப் பட்டியலைத் திறந்து ஒரு முறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் யார் யார் இருக்கிறார்கள்? மூன்று ஆண்டுக்கு முன்பு ஏசி பழுது பார்க்க வந்தவர். வாடகை வீட்டுத் தரகர். பீரோவைப் படியில் ஏற்றிக் கொடுத்த வண்டிக்காரர், அவர் அனுப்பிய உதவியாளர். குழாய்க்காரர், பழைய ஓட்டுநர். அவர்களில் யாரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் நாணயமாக உழைத்துப் பிழைப்பவர்கள். ஆனால் செயின்ட் லூயிஸ் திருடர்கள் சொன்ன "துப்பு" இந்த வட்டத்தில் ஏதாவது ஒரு கையிலிருந்து, பல நேரம் அந்தக் கைக்கே தெரியாமல், டீக்கடைப் பேச்சாகக் கசியக்கூடியது. வீட்டின் உள்ளமைப்பைப் பார்த்தவர்கள், முகவரி தெரிந்தவர்கள், அதே ஊரில் இருப்பவர்கள். இவர்களுக்கு இல்லாத ஒரே தகவல் நாள். "நான்கு நாள் ஊட்டி, ஞாயிறு திரும்புகிறோம்" என்பது அதைக் கொடுக்கிறது. அதில் வரும் "ஞாயிறு" என்ற சொல்லுக்கு இடப்பெயரைவிட மதிப்பு அதிகம். எங்கே போனோம் என்பதால் திருடனுக்குப் பெரிய பயனில்லை. எத்தனை நாள் என்பதில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை, பயன் தரும் வரிசையில்

1. காலி வீடு என்ற அடையாளத்தைத் தெருவில் குறையுங்கள். நாளிதழையும் பாலையும் நிறுத்தச் சொல்வது, பக்கத்து வீட்டாரை வாசல் தெளிக்கச் சொல்வது, நேரம் வைத்து எரியும் விளக்கு, வெளிப்பூட்டுக்குப் பதில் கதவோடு பொருத்திய பூட்டு. தமிழகத்தில் வெளியூர் போகுமுன் காவல் நிலையத்தில் தெரிவித்தால் ரோந்தில் அந்த வீட்டைச் சேர்த்துக்கொள்வார்கள். கேரளத்தில் போலீஸ் செயலியிலேயே பூட்டிய வீட்டைப் பதிவு செய்யலாம். ஆந்திரப் போலீஸ், கேட்டுக்கொண்டால் அசைவை உணரும் கேமராவையே வீட்டுக்குள் வைத்துக் கண்காணிக்கும் திட்டம் நடத்துகிறது.
2. நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திருடன் வந்தாலும் எடுத்துப்போக ஏதும் இல்லை என்றால் கோஹனும் ஃபெல்சனும் சொன்ன மூன்றில் ஒரு கால் போய்விடுகிறது.
3. ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம் என்பதில் "இவர்களுக்கு மட்டும்" என்ற தெரிவை எடுத்து, குடும்பத்தாரையும் நெருங்கிய நண்பர்களையும் மட்டும் சேருங்கள். ஐந்து நிமிட வேலை.
4. திரும்பும் நாளை எழுதாதீர்கள். படங்களை வந்த பிறகு போட முடிந்தால் இன்னும் நல்லது. அங்கிருந்தே போட்டுவிட்டால் தூக்கம் கெட வேண்டியதும் இல்லை.
5. கேமராவுக்குக் கொடுத்த இருப்பிட அனுமதியை நீக்குங்கள், குறைந்தபட்சம் வீட்டில் இருக்கும் பொருளை விற்பனைக்குப் படம் எடுக்கும்போதாவது. ஓட்டத்தை வீட்டு வாசலில் தொடங்காமல் தெருமுனை தாண்டித் தொடங்குங்கள்.

குடும்பத்துக்குள் பகிரும் நேரலை இருப்பிடம் இந்தப் பட்டியலில் இல்லாததைக் கவனித்திருக்கலாம். இரவுப் பேருந்தில் வரும் மகள் எந்தச் சுங்கச்சாவடி தாண்டினாள் என்று அம்மா பார்ப்பதால் எந்தத் திருடனுக்கும் எதுவும் தெரிவதில்லை. அந்த வகைப் பகிர்வில் உள்ள உண்மையான ஆபத்து வேறு: பிரிந்த பிறகும் அணைக்க மறந்துபோன பகிர்வு, தெரியாமல் போனில் இயக்கிவிடப்பட்ட பகிர்வு, அதை வைத்துப் பின்தொடரும் முன்னாள் துணை. இருப்பிடத் தகவலால் மனிதர்களுக்கு நேர்ந்த தீங்குகளில் நிரூபிக்கப்பட்டவற்றைத் தேடினால் பூட்டு உடைந்த வீடுகளைவிட இவையே முன்னால் நிற்கும். கூகுள் மேப்ஸில் "நீங்கள் அணைக்கும் வரை" என்று எப்போதோ தேர்ந்தெடுத்த பகிர்வு இன்னும் யாருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது, உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு இருப்பிடப் பகிர்வைத் திறந்தால் தெரியும்.